தம்பிக்கு, அந்த யூனியன் ரெப் விஷயமா

தம்பி,

போன்ல சொன்னா நான் பாதி சொல்றதுக்குள்ள நீ சரிப்பா சரிப்பான்னு வெச்சிடற, அதான் உக்காந்து எழுதறேன். வேர்ஹவுஸ்ல உன்ன யூனியன் ரெப்பா, தொழிலாளிங்க சார்பா பேசற ஆளா, நிக்கச் சொல்றாங்க, நீ மாட்டேன்னுட்ட, கேட்டா "எனக்குத்தான் பேச வராதேப்பா"ங்கற. அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல, ஆனா ரெண்டு வாரமா மண்டைக்குள்ள அதுவே ஓடிட்டு இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை பழைய ஆஸ்பத்திரி வார்டு ஃப்ரெண்டு கார்ல, இங்க வேல்ஸ்ல இருக்கற ட்ரெடீகர் பக்கம் போயிருந்தேன். ட்ரெடீகருக்கும் எப்பு வேலுக்கும் நடுவுல மேட்டுல நாலு கல்லு நட்டு வெச்சிருக்காங்க, காத்து ஆளையே தள்ளுது, குல்லாவ ரெண்டு தடவ ஓடிப் புடிச்சேன். நடுவுல இருக்கற பெரிய கல்லு அனைரின் பெவனுக்கு, சுத்தி இருக்கற மூணும் அவர் தொகுதி ஊருங்களுக்கு. என்ஹெச்எஸ்ஸ, அதான் நாட்டோட அரசாங்க வைத்திய சேவைய, கொண்டு வந்தவர், நானும் அம்மாவும் 25 வருஷம் அதுல சோறு தின்னிருக்கோம், அதெல்லாம் உனக்குத் தெரியும். அந்த ஆளுக்கும் உன்ன மாதிரி திக்குவாய்ன்னு தெரியுமா? எனக்கே ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது.

1897ல பொறந்தவர், அப்பா நிலக்கரிச் சுரங்கத்துல வேலை, வீட்ல வரிசையா பிள்ளைங்க. ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர்கிட்ட பட்ட பாட்டுல படிப்பே வெறுத்துப் போயி 13 வயசுல அவரும் சுரங்கத்துல இறங்கிட்டார். ஆனா ஊர்ல தொழிலாளிங்களே காசு போட்டு நடத்தின லைப்ரரி ஒண்ணு இருந்துச்சு, அங்கயே கெடந்து வாசிச்சிருக்கார். எதுக்குன்னா, பேசும்போது ஒரு வார்த்தை மாட்டிக்கும்னு தோணுச்சுன்னா அதே அர்த்தத்துல வேற வார்த்தை டக்குனு கையில இருக்கணும்ல, அதுக்கு மூட்டை மூட்டையா வார்த்தை சேத்து வெச்சிருக்கார். அத படிச்சப்ப எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு. நாலு வயசுல "தயிர்" வராம "வெள்ளையா கெட்டியா இருக்குமே அது"ன்னு கேப்ப. நான் "மெதுவா சொல்லுடா"ன்னு அதட்டுவேன். அப்படி அதட்டக் கூடாதுன்னு பின்னாடிதான் புரிஞ்சுது, அப்ப யாரும் சொல்லித் தரல.

19 வயசுலயே சுரங்கத்துல அவங்க யூனியன் கிளைக்குத் தலைவர். அப்புறம் யூனியன் காசுல லண்டன்ல ரெண்டு வருஷம் படிச்சிட்டு ஊர் திரும்பினா வேலை குடுக்க ஆளில்ல. 1925ல அப்பா நுரையீரல்ல கரித்தூசி அடைச்சு இவர் கையிலயே செத்துப் போனார், நஷ்டஈடுன்னு ஒரு பென்னி வரல, ஏன்னா அது தொழில்ல வந்த வியாதின்னு சட்டத்துல அப்ப இல்ல. 1929ல எப்பு வேல் எம்பி ஆனவர் சாகற வரைக்கும், 31 வருஷம், அந்தத் தொகுதிய விடல. யுத்த காலத்துல எல்லாரும் சர்ச்சில தலைல வெச்சுக் கூத்தாடுனப்ப பார்லிமென்ட்ல எந்திரிச்சு அவரையே காய்ச்சி எடுத்திருக்கார்.

1945ல பிரதமர் அட்லி இவர சுகாதார மந்திரி ஆக்கினார். கேபினட்லயே சின்ன வயசுக்காரர் இவர்தான். ட்ரெடீகர்ல தொழிலாளிங்க சம்பளத்துல கொஞ்சம் புடிச்சு மொத்தக் குடும்பத்துக்கும் டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரின்னு ஒரு சொசைட்டி வெச்சிருந்தாங்க, அத நாட்டுக்கே விரிச்சதுதான் என்ஹெச்எஸ், இந்தத் தடவ சம்பளத்துல புடிக்காம வரிப் பணத்துல. டாக்டருங்க சங்கம் ஓட்டெடுத்தப்ப பத்துல ஒன்பது பேர் கிட்ட வேணாம்னுட்டாங்க. பெரிய ஸ்பெஷலிஸ்ட்டுங்கள பிரைவேட் பிராக்டிஸும் பண்ணிக்கோங்கன்னு விட்டுக் குடுத்து இழுத்துட்டார், "அவங்க வாய்ல தங்கத்த அடைச்சேன்"னு பின்னாடி சொன்னதா சொல்வாங்க. 1948 ஜூலை 5 ஆரம்பிச்சுது.

ஆனா வாய் வந்துட்டா அதுவும் ஒரு வம்புதான் பாத்துக்கோ. அதுக்கு முந்தின நாளு மான்செஸ்டர்ல, ஆமா உன் ஊர்லதான், எதிர்க்கட்சியான டோரி கட்சிக்காரங்கள பெருச்சாளிய விடக் கேவலம்ங்கற மாதிரி பேசிட்டார். அட்லியே கண்டிச்சார். தேவையாடா இது? நாளைக்கு ஊரே கொண்டாடற வேலை ஆரம்பிக்குது, இன்னிக்குப் போயி வாயக் குடுக்கறது. சின்ன வயசுல பட்ட பட்டினிய மறக்க முடியலன்னு அதே பேச்சுல சொன்னாராம், எனக்கு அது புரியுது, இருந்தாலும் தப்புதான்.

1951ல கொரியா யுத்தத்துக்குப் பணம் வேணும்னு கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் பாதி விலை ஜனங்ககிட்ட வாங்கலாம்னு இவரோட கவர்ன்மென்ட்டே முடிவு பண்ணுச்சு. அப்ப இவர் சுகாதாரம் கூட இல்ல, தொழிலாளர் மந்திரி. இருந்தும் ராஜினாமா. பல்செட்டுக்குப் போயி ராஜினாமாவான்னு நானும் முன்னாடி சிரிச்சிருக்கேன். இப்ப டென்டிஸ்ட் சீட்டு கையில இருக்கு, சிரிப்பு வரல. வேல்ஸ்ல மாத்திரைக்கு 2007லேருந்து காசு இல்ல, பல்லுக்கு உண்டு.

அப்புறம் 57ல பிரிட்டன் தானா அணுகுண்ட கைவிடக் கூடாதுன்னு பல்டி அடிச்சு சொந்த ஆளுங்களையே கடுப்பேத்தினார், எனக்கும் அதுல உடன்பாடு இல்ல. 60ல வயித்துக் கேன்சர்ல போயிட்டார், 62 வயசுதான்.

அந்தக் கல்லு பக்கத்துல நின்னு பாத்தா கீழ ஊரெல்லாம் சின்னச் சின்னதா தெரியும். இந்த மேட்லதான் தொகுதி ஜனங்கள கூட்டி வெச்சுப் பேசுவாராம். மைக்க விடு, இந்தக் காத்துல எப்படிப் பேசினாரோ தெரியல, நான் ஃப்ரெண்டு காதுல கத்தியும் அவனுக்குக் கேக்கல.

வியாழக்கிழமை மீட்டிங்னு சொன்னல்ல, போ. அந்தப் பையனுக்கு ஓவர்டைம் காசு வரலன்னு என்கிட்ட ஒரு மணி நேரம் பேசின, நடுவுல பத்து எடத்துல நின்ன, எனக்கு எல்லாமே வெளங்குச்சு. அத அப்படியே அங்க சொல்லு. அதுக்கு மேல உன் இஷ்டம்.

அம்மா முறுக்கு அனுப்பியிருக்கா, உடைஞ்சிருந்தா அவகிட்ட சொல்லாத. என் முன்பல்லு மூணு எடுத்தாச்சு, செட்டு அடுத்த வாரம்தான் வரும். அது வரைக்கும் "சரி"ங்கறது எனக்கு "ஷரி"ன்னுதான் வருது. வெள்ளிக்கிழமை நைட்டு போன் பண்றேன், அவசரப்படாம கேளு.

அப்பா