பிளக் பொருந்தினால் போதுமா?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்குப் பயிற்சி நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

களுவாஞ்சிகுடியில் மின்சாதனங்கள் திருத்திப் பிழைப்பவன் நான். துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது, மைக்ரோவேவ் அடுப்பில் எதை வைக்கக்கூடாது என்றெல்லாம் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அந்தச் சாமான்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டை வாசிக்கவும் பழக்கிவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஓர் அம்மா சாக்குப் பையில் ஒரு ரைஸ் குக்கரைக் கொண்டுவந்தார். ஜப்பானில் வேலை செய்யும் மகன் லீவில் வந்தபோது ஆசையோடு வாங்கிவந்தது. சுவிட்சைப் போட்ட சற்று நேரத்தில் புகை வந்ததாம். மூடியைத் திறந்தேன். மேலே அரிசி ஊறிக் கிடந்தது, அடியில் கருகல். அரிசியைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தால், தகட்டில் 100 வோல்ட் என்று இருக்கிறது. நமது வீட்டுக்கு வருவதோ 230.

அந்தப் பிளக்கின் இரண்டு தட்டைக் கால்களும் நம் சொக்கட்டுக்குள் போகாது. உண்மையில் அது ஓர் எச்சரிக்கை. கடையில் வாங்கிய ஓர் அடப்டர் அந்த எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட்டது. அடப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், வோல்ட்டைத் தொடாது. வோல்ட் 2.3 மடங்கு ஆனால் சூடாக்கும் கம்பி எடுக்கும் வலு அதன் வர்க்கத்தில் ஏறும், அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். 600 வாட் குக்கர் 3,000 வாட்டைத் தாண்டப் பார்க்கும். சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப பியூஸ் உள்ளே எரிந்துபோனதால் வீடு தப்பியது.

இதன் மறுபக்கமும் உண்டு. இங்கே வாங்கிய 1,500 வாட் கேத்திலை ஜப்பானுக்குக் கொண்டுபோகிறவருக்கு அங்கே 300 வாட்கூடக் கிடைக்காது. ஆபத்தில்லை, தேநீருக்குத்தான் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். கனடாவும் 120 வோல்ட் நாடுதான். கைப்பேசிச் சார்ஜர், மடிக்கணினிச் சார்ஜர் பெரும்பாலும் 100 முதல் 240 வரை தாங்கும், அதுவும் அந்தத் தகட்டிலேயே எழுதியிருக்கும். சூடாக்கும் சாமான்களில்தான் கவனம் வேண்டும்: கேத்தில், அயன்பெட்டி, தலைமுடி உலர்த்தி, வாளித் தண்ணீரில் தொங்கவிடும் ஹீட்டர்.

குவைத், கட்டார், ஓமான், அமீரகம் போகிறவர்களுக்கு அடப்டர் தேவையில்லை. நம் வீடுகளிலும் உள்ள அதே சதுரக்கால் மூன்று பின் பிளக்தான் அங்கேயும். சவூதியில் முன்னர் 127 வோல்ட் பரவலாக இருந்தது, 2010இல்தான் 230க்குப் படிப்படியாக மாற முடிவெடுத்தார்கள். ஆகவே அங்கே பழைய வீடொன்றில் பழைய சாமானைக் கையில் எடுப்பவர் தகட்டைப் பார்க்காமல் செருகக்கூடாது. கொரியாவில் உருண்டைக்கால் இரண்டு. இஸ்ரேலில் பிளக்கின் வடிவமே வேறு, வோல்ட் மட்டும் நம்முடையதுதான்.

இனி நம் ஊர்க் கெட்ட பழக்கம் ஒன்று. மூன்று பின் சொக்கட்டின் மேல்துளையில் பேனா மூடியைச் செருகி, கீழே திறக்கும் இரண்டு துளைகளுக்குள் இரட்டைப் பின் பிளக்கை அழுத்துவது. நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. அந்த மேல்துளைக்குரிய எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதே முதலில் நுழைந்து உள்ளே இருக்கும் மறைப்பை விலக்கத்தான். அந்த மறைப்பை ஏமாற்றி நுழைத்த பிளக் இறுக்கமாக நிற்காது, தளர்ந்து சூடேறும். எர்த்தும் இல்லை. இந்த வித்தையை நம் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் கொண்டுபோகிறார்கள்.

அங்கே தொழிலாளர் தங்கும் அறைகளில் நடப்பது இன்னொன்று. ஒரே நீட்டு வயரில் இரண்டு ரைஸ் குக்கர், ஒரு கேத்தில். 700, 700, 2,000 என்று கூட்டினால் 3,400 வாட். 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது ஏறத்தாழ 3,000தான், மெல்லிய வயர் அதையும் தாங்காது. வயரைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் கழற்றிவிடுங்கள் என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டுப் பணிக்குப் போகும் தங்கைமாருக்குச் சிக்கல் வேறு. அயன்பெட்டியின் வயர் உரிந்திருப்பது அவர்களுக்குத் தெரிகிறது. ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால் நீதான் உடைத்தாய் என்று பழி வந்துவிடுமோ என்ற பயம் வேறு. மூன்று அரபுச் சொற்களைக் கற்றுக்கொடுங்கள்: கஹ்ரபா என்றால் மின்சாரம், கர்பான் என்றால் பழுது, கத்தர் என்றால் ஆபத்து. காத்தான்குடி, ஏறாவூரில் அரபு தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை, உச்சரிப்பை அவர்கள் திருத்திவிடுவார்கள்.

பவர் பேங்க் பற்றி ஒரு வரி: கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும், விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் வைக்கக்கூடாது.

எனக்கு ஒரு மணிநேரம் தாருங்கள், கூலி வேண்டாம். உரிந்த வயர், உருகிய பிளக், பல நாட்டு அடப்டர்கள் எல்லாம் கடையில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. அந்த ஜப்பான் குக்கரும் அதில்தான் இருக்கிறது. அந்த அம்மா மூடியையும் உள்பாத்திரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார், தகடு ஒட்டிய அடிப்பகுதியை எனக்கே விட்டுவிட்டார்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மின்சாதனத் திருத்துநர்