லினக்ஸ் நிறுவும் முன் கணினியைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய கணினிகளைக் கழித்துப் போடாமல் அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிப் பள்ளிகளுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் வழங்கலாம் என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அக்கருத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ புதிய தலைமுறைச் செயலியோ இல்லை என்பதற்காகவே, ஓடக்கூடிய கணினிகள் பல நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மூலையில் கிடக்கின்றன. ஆனால், லினக்ஸ் நிறுவுவது எளிது என்பதை விரிவாக விளக்கிய கட்டுரை, நிறுவுவதற்கு முன் அந்தக் கணினி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. குடியாத்தத்தில் கணினி சர்வீஸ் கடை நடத்திவருபவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுவது என் கடமை என நினைக்கிறேன்.

கடைக்கு வருவோரில் பலர் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி நிறுவத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது, அல்லது நிறுவி முடித்த சில நாள்களில் காரணமில்லாமல் உறைந்துபோகிறது. ஆகவே லினக்ஸ் சரியில்லை, பழைய விண்டோஸையே போட்டுத் தாருங்கள் என்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் கோளாறு ரேம் என்ற தற்காலிக நினைவகத்திலோ, ஹார்டு டிஸ்க் எனும் வட்டிலோ, எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கியிலோ இருக்கும். அதே கணினி விண்டோஸிலும் அவ்வப்போது தானாக அணைந்து எழுந்திருக்கும். அதைக் கரண்ட் பிரச்சினை என்று எண்ணிப் பழகிப்போயிருப்பார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பழுதான ரேம் லினக்ஸ் நிறுவும் வேளையில் வெளிப்படுவதற்குக் காரணம் உண்டு. நிறுவும்போது சுருக்கி வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் ரேமின் வழியாக விரிக்கப்பட்டு, சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடப்பட்டு, வட்டில் எழுதப்படுகின்றன. இடையில் ஒரே ஒரு பிட் (தரவின் மிகச் சிறிய அலகு) மாறிப்போனாலும் கணக்கு ஒத்துவராமல் நிறுவல் நின்றுவிடும், நின்றுவிடுவதே நல்லது. அன்றாடப் பயன்பாட்டில் அதே பிட் ஒரு புகைப்படத்தின் ஓரத்தில் விழுந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. மேலும், லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமை வீணாக விடாது; வட்டிலிருந்து படித்த கோப்புகளை அங்கே சேமித்துவைத்துக்கொள்ளும். இதனால், இலேசான வேலைகளில் ஒருபோதும் தொடப்படாமலிருந்த பழுதான பகுதியும் சீக்கிரமே பயன்பாட்டுக்கு வந்துவிடுகிறது.

இது புதிய சங்கதியும் அன்று. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே 386 செயலி கொண்ட ஒரு சாதாரணக் கணினியில்தான். அதன் பின் 1990-களில் கெர்னல் எனும் லினக்ஸின் மையப் பகுதியை மூல நிரலிலிருந்து தாமே தொகுத்துக்கொண்டவர்கள், தொகுப்பு 'சிக்னல் 11' என்ற பிழையோடு பாதியில் நின்றுபோவதைக் கண்டார்கள். அவர்கள் அனுபவத்தில் கண்டறிந்த விதியை இன்றும் நான் கடையில் பின்பற்றுகிறேன்: மறுபடியும் ஓட்டிப் பார்க்கையில் அதே இடத்தில் நின்றால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் ரேம், சூடு, மின்வழங்கி ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சர்வர்களில் உள்ளதுபோல் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இ.சி.சி. ரேம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் கிடையாது. இந்நிலைக்குச் செயலி தயாரிக்கும் இன்டெல் நிறுவனமே காரணம் என்று டோர்வால்ட்ஸே 2021-இல் கடுமையாகச் சாடினார்.

ஆகவே, லினக்ஸ் நிறுவ விரும்புவோர் முதலில் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளால் ரேமைச் சோதிக்க வேண்டும். பல லினக்ஸ் பென்டிரைவ்களின் தொடக்கப் பட்டியலிலேயே அது இடம்பெற்றிருக்கும். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதல் யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறை கொண்ட கணினிகளிலும் அது ஓடுகிறது. ஒரே ஒரு சுற்றோடு நிறுத்திவிடாமல் இரவு முழுவதும் ஓடவிடுவது வழக்கம். ஆனால் நம் ஊருக்கு அது போதாது என்பது என் கருத்து. கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர்ப் பகுதியில், இரவின் குளிர்ச்சியில் தேறிய கணினி மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஓட்டுக் கட்டட வகுப்பறையில் தவறலாம். எனவே சோதனையைப் பகலில், ஏ.சி. இல்லாத அறையில், பெட்டியின் மூடியைப் பூட்டிய நிலையில் நடத்த வேண்டும். பிழை காட்டினால் உடனே ரேமைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்லாட்டில் படிந்த தூசியை ஊதி, மீண்டும் பொருத்திச் சோதித்தால் சரியாகிவிடுவதும் உண்டு. பழுதான முகவரியை மட்டும் ஒதுக்கிவிடுமாறு 'கிரப்' தொடக்க நிரலுக்குச் சொல்லும் வழியும் இருக்கிறது. சொந்தக் கணினியில் அதைச் செய்து பார்க்கலாம்; பள்ளிக்குக் கொடுக்கும் கணினியில் நான் செய்யமாட்டேன்.

ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைத்துக்கொள்கிறது. 'ஸ்மார்ட்' எனப்படும் அந்தக் குறிப்பில், பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களும் (வட்டின் சிறு பகுதிகள்) படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களும் ஏறிக்கொண்டே போனால் வட்டை மாற்றிவிட வேண்டும். தரவுப் பரிமாற்றத்தில் நேரும் சி.ஆர்.சி. பிழை மட்டும் ஏறினால் பெரும்பாலும் வட்டில் குறையில்லை. வட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினாலே போதும். வட்டில் பிழை கண்டவுடன் லினக்ஸ் அதைப் 'படிக்க மட்டும்' என்ற நிலைக்குக் கொண்டுசெல்வதும் உண்டு. கோப்பைச் சேமிக்க முடியவில்லை என்று பயனர் எரிச்சலடைவார். இருக்கும் கோப்புகளாவது மேலும் கெடாமல் இருக்கட்டும் என்றுதான் அது அப்படிச் செய்கிறது.

தேதியையும் நேரத்தையும் காத்துவைக்கும் பயாஸ் பேட்டரி தீர்ந்துபோன கணினியில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்பற்றவை என்று காட்டப்படும், மென்பொருள் புதுப்பிப்பும் மறுக்கப்படும். இதற்குத் தேவை சி.ஆர்.2032 என்ற நாணய வடிவ பேட்டரி மட்டுமே. மதர்போர்டில் மேற்புறம் உப்பிய கெபாசிட்டர்கள், தொட்டால் சுருக்கென்று அடிக்கும் எர்த் இல்லாத இணைப்பு, கரண்ட் போன நொடியிலேயே கைவிரிக்கும் யூ.பி.எஸ். ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

லினக்ஸ் பக்கம் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. சில வைஃபை சில்லுகளும் சில லேசர் பிரிண்டர்களும் அதில் எளிதில் இணங்குவதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில் 32-பிட் செயலி கொண்ட பழைய கணினிகளுக்கான நிறுவி கைவிடப்பட்டுவிட்டதால், எந்தப் பழைய கணினியிலும் புதிய லினக்ஸ் ஓடும் என்று சொல்வதும் சரியாகாது. பழைய எழுத்துருக்களையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளையும் நம்பிக் கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வாழும் டி.டி.பி. கடைக்காரரை லினக்ஸுக்கு மாறச் சொல்வது அவர் பிழைப்பில் கைவைப்பதாகும். தமிழ்நாடு அரசு 2011-இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் பதிப்பும் இருந்தது. அதைப் பயன்படுத்தக் கற்றுத்தர ஆளில்லாததால் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் இவை வேறு வகைக் குறைகள். இவற்றைச் செத்துக்கொண்டிருக்கும் ரேமோடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது.

பழைய கணினிகளை வழங்க முன்வரும் அலுவலகங்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ரேம் சோதனை எத்தனை மணி நேரம் நடந்தது, வட்டின் ஸ்மார்ட் எண்கள் யாவை, பயாஸ் பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் ஒட்டித் தாருங்கள். பின்னாளில் கணினி நின்றுபோனால், அதைப் பார்க்க வரும் மெக்கானிக் இருட்டில் துழாவ வேண்டியிராது. சோதனையில் தேறாதவற்றைப் பள்ளியின் தலையில் கட்டாமல், 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.