குப்பிகளுக்குப் பெயர் எழுதியவருக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

எங்கள் எச்ஐவி மருந்து ஆய்வகம் மூடப்படுவது உங்களுக்குத் தெரியும். அது எப்படி நேர்ந்தது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. உறையவைத்திருந்த வைரஸ் மாதிரிகள் எல்லாம் நேற்று மாலை புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்றுகூட உருகவில்லை. செய்தி வந்ததும் மேசையில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்த கையோடு இதை எழுதுகிறேன்.

சலிக்காமல் மனு எழுதியவர்கள், தங்கள் உறைபெட்டியில் இடம் ஒதுக்கித் தந்தவர்கள், உலர்பனி நிரப்பி இரவோடு இரவாக வண்டியேற்றிய மாணவர்கள், சம்பளத்தில் ஒரு பங்கை அனுப்பியவர்கள், இத்தனை ஆண்டுகளாக இரத்தம் கொடுத்துவரும் தன்னார்வலர்கள், "விட்டுவிடாதீர்கள்" என்று ஒரு வரி எழுதிய முகம் தெரியாத நண்பர்கள், உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் ஆய்வகத் தொழில்நுட்பர். பணி முடிகிறது என்ற கடிதம் எங்களில் முதலில் அவர் கைக்குத்தான் வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல் வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியைத் திறந்தார்.

அதற்குள் இருந்தவை சுண்டுவிரல் அளவுக் குப்பிகள். மருந்தின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மாதக்கணக்கில் வைரஸை வளர்த்து, எந்தக் கட்டத்தில் அது மருந்தை மீறுகிறது என்று பார்த்துச் சேமித்த வரிசை அது. வைரஸின் நொதி ஒன்றில் 184ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் என்ற இன்னொன்று வந்தால் போதும், லாமிவுடின் என்ற எச்ஐவி மருந்து அதனிடம் எடுபடாது. 103ஆம் இடத்தில் லைசின் போய் அஸ்பராஜின் வந்தால் நெவிரபின், எஃபாவிரென்ஸ் என்ற மருந்துகள் இரண்டுமே கைவிட்டுவிடும். கண்ணுக்கு எல்லாக் குப்பிகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். உறைபனியில் ஒட்டுச்சீட்டு உரிந்து விழுந்துவிட்டால், எது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்ல ஆளிருக்காது.

அவர் ஒவ்வொரு குப்பியையும் உலர்பனியில் நிறுத்தி, கட்டைவிரலால் பனியைத் துடைத்து, பழைய எழுத்தைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, புதுச் சீட்டு ஒட்டினார். ஆல்கஹால் பட்டாலும் அழியாத பேனாவால் மூடியின் மேல் புள்ளிகள் வைத்தார். ஒரு முறை உருக்கி மீண்டும் உறையவைத்ததற்கு ஒரு புள்ளி. உருக்கும் ஒவ்வொரு முறையும் தொற்றும் திறனுள்ள வைரஸ் கொஞ்சம் குறையும். அது தெரியாமல் சோதிப்பவர், வைரஸ் நலிந்ததை மருந்தின் வலிமை என்று எண்ணிவிடக்கூடும். புள்ளி வைக்கும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"நீங்கள் வீட்டுக்குப் போங்கள் அம்மா" என்றேன். "இதை யார் திறக்கப்போகிறார்களோ, அவர்களுக்குத் தெரிய வேண்டுமே மேடம்" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அமெரிக்க வேதியியலாளர் ஜெரோம் ஹார்விட்ஸ் 1964இல் புற்றுநோய்க்காக ஒரு சேர்மத்தை உருவாக்கினார். எலிகளில் பலிக்கவில்லை, ஒதுக்கிவைத்துவிட்டார். ஆனால் செய்முறை எழுத்தில் இருந்தது. 1987 மார்ச்சில் அமெரிக்காவில் எச்ஐவிக்கென்று ஒப்புதல் பெற்ற முதல் மருந்தான ஏஇசட்டி அந்தச் சேர்மம்தான். மாணவர்களுக்கு இதை எத்தனையோ முறை பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அன்று அந்த உறைபெட்டியின் முன் நின்றபோதுதான் அது என் நெஞ்சில் இறங்கியது.

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸை அடக்கலாம் என்று 1996இல் தெரிந்த காலத்தில் இந்தத் துறைக்கு வந்தவள் நான். மரணப் படுக்கையிலிருந்து மக்கள் எழுந்து நடந்த காலம் அது. வைரஸின் உள்ளுறையைத் தாக்கும் லெனகாபவிர் ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்ட இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்று 2024இல், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்விலிருந்து செய்தி வந்தது. இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவே எத்தனை உறைபெட்டிகள், எத்தனை கைகள்! அந்தக் கைகளுக்கு உரியவர்கள் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த மாதிரிகளிலிருந்து என் பெயரில் வரும் எந்தக் கட்டுரையிலும், அவர் இசைந்தால், ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் இருக்கும். வேறு வேலை கிடைக்கும்வரை அவருக்காக நான் தட்டாத கதவு இருக்காது. இது வாக்கு.

இனி அந்தப் பெட்டிகளைத் திறக்கப்போகும் நண்பர்களுக்கு: குப்பிகளின் பட்டியல் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறது, இன்னொரு படி என்னிடம் இருக்கிறது. மூன்று புள்ளி உள்ளவற்றைத் தயவுசெய்து நேரடியாகச் சோதனைக்கு எடுக்காதீர்கள். புதிதாக வளர்த்து, வைரஸின் அளவு பார்த்த பிறகு பயன்படுத்துங்கள். நீங்கள் உருக்கினால் நீங்களும் ஒரு புள்ளி வையுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தோழி