மட்டக்குதிரை வளர்ப்போர் சங்கம், மதுரை வட்டாரம்: செயலாளரின் மூன்றாவது ஆண்டறிக்கை (2024–25)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சந்தா செலுத்திய உறுப்பினர்களே, இனிமேல் செலுத்தவிருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். குடற்புழு நீக்க முகாம் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் நடந்தது. 41 குதிரைகளுக்கு டெட்டனஸ் தடுப்பூசி போடப்பட்டது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு வேன் வைத்துப் போய்வந்தோம். பொங்கலையொட்டி நடந்த பந்தயமொன்றில் நம் உறுப்பினரின் வண்டி சிறிய குதிரைப் பிரிவில் இரண்டாவதாக வந்தது. அவருக்குத் துண்டு போர்த்தினோம். மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. நான்கு முறை கூடியது. முகூர்த்த நாளில் கூட்டம் வைத்தால் பாதிப் பேர் மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட் ஓட்டப் போய்விடுகிறார்கள். அது பிழைப்பு, குறை சொல்வதற்கில்லை. ஆடியில் முகூர்த்தம் இல்லையே என்று பார்த்தால் அந்தியூர். மார்கழியில் வைத்தால், பந்தயத்துக்குக் குதிரை பழக்க வேண்டும் என்கிறார்கள். எல்லாம் யோசித்துப் புரட்டாசியில் வைத்தேன். அன்று மழை. மண்டபத்தில் நான்கு பேர் இருந்தோம். நான்காமவர் மழைக்கு ஒதுங்கியவர் என்பது தீர்மானத்தை வாசிக்கும்போதுதான் தெரிந்தது.

இந்தச் சங்கம் எதற்கு என்று புதிய உறுப்பினர் சிலர் கேட்டிருக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரையும், உயரம் குறைந்த மட்டக்குதிரையுமாகச் சுமார் ஆறேகால் லட்சம் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் அது 3 லட்சத்து 40 ஆயிரமாகிவிட்டது. ஏழே ஆண்டில் பாதிக்குப் பாதி போய்விட்டது என்றே சொல்லலாம். மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளை வைத்திருப்பவர்களுக்குச் சந்தையில் லட்சக்கணக்கில் விலை கிடைக்கிறது. வண்டி இழுத்தும், மணல் சுமந்தும், ஊர்வலத்தில் நடந்தும் நம்மைக் காப்பாற்றிய மட்டத்தை விலை கேட்க ஆளில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதும் குதிரையில்தான், அய்யனாருக்குப் புரவி எடுப்பதும் குதிரைதான். தங்கத்திலும் மண்ணிலும் செய்த குதிரைக்கு இந்த ஊரில் குறையொன்றும் இல்லை. கொள்ளு தின்னும் குதிரைக்குத்தான் நாதியில்லை.

அந்த ஆதங்கத்தில்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனுவில் கையெழுத்திட்டோம். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் தொடங்க ஏழு பேர் வேண்டும். ஆறு பேர் சேர்ந்துவிட்டோம். ஏழாவது கையெழுத்துக்கு மூன்று வாரம் அலைந்தேன். கடைசியில் கையெழுத்திட்டவர் வைத்திருந்தது கழுதை. அவர் இந்த மூன்று ஆண்டும் சித்திரை மாதமே சந்தாவைக் கட்டிவிடுகிறார் என்பதைக் குதிரை வைத்திருப்பவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இனி, பதிவேடு. இதைப் பற்றி நான் அதிகம் பேசுகிறேன் என்று ஒரு குறை உண்டு. இன்றும் பேசப்போகிறேன்.

ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம். பிறந்த நாள், தாய், தந்தை, நிறம், சுழி, உயரம், இப்போதைய உரிமையாளர். அவ்வளவுதான். இதை நிரப்புவதற்காக இரண்டு ஆண்டாகத் திருமங்கலம், வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர் என்று என் சொந்த வண்டியில் சுற்றியிருக்கிறேன். இன்றைக்கு 61 பக்கம் நிறைந்திருக்கிறது. நிறம் என்ற இடத்தில் ஒருவர் "நல்ல நிறம்" என்று எழுதிக் கொடுத்தார். தந்தை என்ற இடத்தில் இன்னொருவர் தன் தந்தையின் பெயரை எழுதினார். இவற்றையெல்லாம் நேரில் போய்த் திருத்தினேன். கணக்கெடுப்புக்கு வந்த அரசு ஊழியரிடம், வரி போட்டுவிடுவார்கள் என்று பயந்து, தோப்புக்குள் குதிரையைக் கட்டிவைத்துவிட்டு "எங்களிடம் ஏது குதிரை" என்று சொன்னவர்களும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். இல்லாத குதிரைக்கு எந்தத் திட்டத்தில் பணம் ஒதுக்குவார்கள்?

உயரம் அளந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. 58 அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர் வரை இருப்பதைத்தான் பொதுவாக மட்டக்குதிரை என்கிறார்கள். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் அளக்க வேண்டும். இதற்காகத் தச்சரிடம் சொல்லித் தேக்கில் ஒரு கோல் செய்தேன். குறுக்குச் சட்டம் மேலும் கீழும் நகரும்; சட்டம் சாய்ந்துவிடாமல் பார்க்க, கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை அதன்மேல் பொருத்தினோம். செலவு 850 ரூபாய். அது இன்னும் எனக்கு வர வேண்டியிருக்கிறது. துணைத் தலைவரின் குதிரை இந்தக் கோலில் 58 அங்குலமும் ஒரு அரையும் காட்டியது. லாடத்தைக் கழற்றி அளக்க வேண்டும் என்றார். நியாயம்தான், கழற்றி அளந்தோம். 58-க்கு மேல் ஒரு நூல் நின்றது. தரை சரியில்லை என்றார். சிமென்ட் தரைக்குக் கொண்டுபோனோம். பிறகு ரசமட்டம் சரியில்லை என்றார். அன்றைக்குப் போனவர் இதுவரை கூட்டத்துக்கு வரவில்லை. அவர் குதிரையை யாரும் விலக்கவில்லை, ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன் என்பதை அவருக்குத் தெரிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஏட்டால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்குத் தை மாதம் பதில் கிடைத்தது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். விடியற்காலை நான்கு மணிக்குத் தொலைபேசி. போய்ப் பார்த்தால், கொட்டகையில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு செவலைக் குட்டி, உடம்பின் ஈரம் காயாமல், நான்கு காலையும் நான்கு திசைக்கு விரித்துக்கொண்டு நின்றது. சீம்பாலும் குடித்துவிட்டது. பின் எதற்கு என்னைக் கூப்பிட்டீர்கள் என்றேன். அவர் பேசாமல் குட்டியின் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். மேல்தாடை கீழ்த்தாடையைத் தாண்டி ஒரு விரல் அகலம் முன்னால் வந்திருந்தது, கிளி அலகைப் போல. பால் குடிக்கத் தடையில்லை. ஆனால் முன்பற்கள் முளைத்தபின் மேலும் கீழும் சேராது, மேய்ச்சலில் புல்லைக் கடித்து அறுக்க முடியாது, ஆயுளுக்கும் நறுக்கித்தான் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். பரம்பரையாக வரக்கூடிய குறை என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பல்கூட விளக்காமல் ஏட்டைப் புரட்டினேன். தாய்க்குதிரை 17-ஆம் பக்கம். அதன் தந்தை உசிலம்பட்டிப் பக்கத்துக் கருப்புப் பொலிகுதிரை. குட்டியின் தந்தையும் அதே கருப்பு. நல்ல குதிரைதான், நடையழகு சொல்லி முடியாது. அதனாலேயே எட்டு ஆண்டாக எல்லாரும் பெட்டையை அதனிடமே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். 61 பக்கங்களில் 26-இல் தந்தை என்ற இடத்தில் அதுதான் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், குதிரை வாங்கினால் முன்னும் பின்னும் சுற்றி வந்து சுழி பார்க்கிறோம். அதன் தகப்பன் யார் என்று மட்டும் கேட்பதில்லை. சேர்ப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பதினோரு மாதம் காத்திருந்து இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது. தாடை ஒரே ஒரு குட்டிக்கு இப்படி ஆனதை வைத்து எல்லாவற்றுக்கும் அந்தக் குதிரையே காரணம் என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க ஒரு ஏடு இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

மகாராஷ்டிரத்தில் ஆட்டு மந்தைகளோடு மூட்டை சுமந்து அலையும் பீம்தடி என்ற மட்டக்குதிரை அண்மையில் தனி இனமாகப் பதிவாகியிருக்கிறது. நம் குதிரைகளுக்கும் அப்படி ஒரு நாள் வருமா என்று தலைவர் கேட்டார். பல ரத்தம் கலந்துவிட்ட குதிரைகள் நம்முடையவை; வராமலும் போகலாம். ஆனால் கேட்கப் போகிறவன் கையில் எழுத்து இருக்க வேண்டும்.

லாடம் அடிப்பவர் பிரச்சினை தீரவில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். வட்டாரத்துக்கே நம்பகமான ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கும் இடுப்பு வலி. பாண்டிய நாட்டில் லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, குதிரைகள் மடிந்துகொண்டே இருந்தால் வியாபாரம் நடக்குமென்று அரபு வணிகர்கள் அவர்களை இங்கே வரவிடுவதும் இல்லை என்று 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அன்று விடவில்லை, இன்று விட்டாலும் வர ஆளில்லை. தொழில் பழக இரண்டு இளைஞர்களை அனுப்பினோம். ஒருவர் முதல் உதையோடு நின்றுவிட்டார். மற்றவர் பழகிக்கொண்டிருக்கிறார்.

சந்தா. ஆண்டுக்கு 300 ரூபாய். பதிவேட்டில் பெயருள்ள உறுப்பினர்கள் 48 பேர். செலுத்தியவர்கள் 19 பேர். கொள்ளு விற்கிற விலையில் 300 ரூபாய்க்கு ஒரு குதிரை எத்தனை நாள் சாப்பிடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தியூர் வேனில் ஜன்னலோர இடத்துக்காகச் சண்டை போட்டவர்களில் நான்கு பேர் இரண்டு ஆண்டாகச் செலுத்தவில்லை. பெயர் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிச் சவாரிக்கு விடும் நண்பர்கள் சிலர் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற ஆண்டும் சொன்னார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல், இடைவெளி நல்ல மனம் கொண்ட ஓரிருவரால் நிரப்பப்பட்டிருக்கிறது. முகாம் நாட்களின் டீ, வடைச் செலவுக்குச் சில ரசீதுகள் கிடைக்கவில்லை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருவாதவூர்க்காரரான மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார்; அவருக்காக நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்து நிறுத்த இறைவனே வந்தார். நம் பொருளாளருக்கு அந்த வசதி இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: முகாமுக்கு ஞாயிறு என்றும் பாராமல் வந்த கால்நடை மருத்துவர்கள், மண்டபத்தைப் பாதி வாடகைக்குத் தந்தவர், கூட்டங்களைப் பொறுமையாக நடத்திய தலைவர், கணக்கெழுதிய பொருளாளர், கோல் செய்த தச்சர், பதிவேட்டை பிஸ்கட் டின்னில் போட்டுப் பீரோவில் வைக்க இரண்டு ஆண்டாக இடம் கொடுத்திருக்கும் என் மனைவி. அந்த இடம் இனி இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. அது இத்துடன் முடிகிறது. எனக்கும் முழங்கால் வலி. செயலாளர் பொறுப்புக்கு இளையவர் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். அவருக்கு இரண்டு சக்கர வண்டியும், படிக்கும்படியான கையெழுத்தும், நான்கு மணிக்கு அடிக்கும் தொலைபேசியை எடுக்கும் பழக்கமும் இருக்க வேண்டும். யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பேரவையின் முடிவுக்கே விடுகிறேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பொலிகுதிரையை உசிலம்பட்டிக்கும், அங்குள்ள கருப்பை இங்கே மேலூருக்கும் ஓராண்டு மாற்றி வைக்கலாம் என்று ஒரு யோசனை எழுதி வைத்திருக்கிறேன். இரு உரிமையாளர்களும் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டார்கள். வண்டி வாடகையும் இரண்டு குதிரைகளின் தீவனச் செலவும் சங்கத்துடையது. 29 பேர் பாக்கியைச் செலுத்தினால் 8,700 ரூபாய் வரும். முதல் சில மாதங்களுக்கு அது காணும்.

மண்டபத்தின் பின்பக்க மேசையில் பதிவேடும் ரசீதுப் புத்தகமும் பேனாவும் இருக்கின்றன. தைக்குப் பிறகு குட்டி ஈன்றவற்றின் விவரத்தை உரிமையாளர்கள் இன்றே எழுதிவிட வேண்டும், தந்தையின் பெயர் என்றால் குதிரையின் தந்தை. பந்தி ஒரு மணிக்கு. பந்திக்குப் போகும் வழி அந்த மேசையை ஒட்டித்தான் போகிறது.

இப்படிக்கு,
செயலாளர்