என் மகனுக்குப் பேச்சு வந்தது உங்கள் வசனத்தில்தான்

தமிழில் நகைச்சுவைப் படம் எழுதுகிறவர்களுக்கும் இயக்குகிறவர்களுக்கும் வணக்கம்.

என் மகன் முதன்முதலாக ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொன்னது ஐந்தரை வயதில். அதுவரைக்கும் ‘மா’, ‘பஸ்’, ‘வேணாம்’, அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் தட்டை வைத்துவிட்டு நான் ரசம் எடுக்க உள்ளே போயிருந்தேன், கூடத்திலிருந்து ஒரு குரல், ஹோட்டலில் உட்கார்ந்துகொண்டு வடிவேலு சப்ளையரிடம் பேசுகிற வசனம் ஒன்று, அந்த இழுப்பு, அந்த மூச்சு, எல்லாம் அப்படியே. யாரோ டிவியைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். டிவி ஓடவில்லை. என் மாமியார் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதார். அவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி அப்போது இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

அந்த வசனத்தை எழுதியவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். அதனால் முதலில் நன்றி. மரியாதைக்காகச் சொல்லவில்லை, பன்னிரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்தது.

கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்வதற்கு எக்கோலாலியா என்று பெயர். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் இது உண்டு. முன்பெல்லாம் இதை அர்த்தமில்லாத உளறல் என்று சொல்லி நிறுத்தப் பார்த்தார்கள். 1980களில் பேரி பிரிசன்ட் என்ற அமெரிக்கப் பேச்சு வல்லுநரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தக் குழந்தைகளைப் பொறுமையாகக் கவனித்து, அந்தத் திருப்பிச் சொல்லலுக்குள்ளே கேட்பதும், மறுப்பதும், கூப்பிடுவதும், தன்னைத்தானே தேற்றிக்கொள்வதும் இருக்கிறது என்று எழுதினார்கள். நான் இதையெல்லாம் பின்னால்தான் படித்தேன். எங்களுக்கு அதைக் காட்டிக்கொடுத்தது அந்த ஹோட்டல் வசனம். பசித்தால் மட்டும்தான் அதைச் சொல்வான். அடிவாங்கிவிட்டு எழுந்து வந்து பேசுகிற ஒரு வசனம் உண்டு, அதைச் சொன்னால் எங்கேயோ வலிக்கிறது என்று அர்த்தம், உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னபடி ஒரு நோட்டுப் போட்டோம். இடப்பக்கம் வசனம், வலப்பக்கம் அதற்கு அவன் வைத்திருக்கும் அர்த்தம். ஆதித்யா டிவியும் சிரிப்பொலியும் ஓடாத நாள் எங்கள் வீட்டில் இல்லை, நூறுக்கு மேல் வசனம் சேர்ந்துவிட்டது. புதிதாக யாராவது அவனைப் பார்த்துக்கொள்ள வந்தால் அந்த நோட்டைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வசனங்களோடு வேறு சிலவும் வீட்டுக்குள் வந்தன. ‘லூசு’, ‘மெண்டல்’, அப்புறம் கீழ்ப்பாக்கம். 1794-ல் தொடங்கிய ஓர் அரசு மனநல மருத்துவமனையின் ஊர்ப் பெயரை எத்தனை படத்தில் சிரிப்புக்காக எழுதியிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், எண்ணி முடியாது. என் மகனுக்கு அது ஒரு பஸ் ஸ்டாப். ஆனால் அந்த வசனத்தையும் சொல்வான், அதற்கும் அவனிடம் ஒரு அர்த்தம் இருக்கிறது. சட்டைப் பட்டன் போட வராமல் மூன்றாவது முறை வழுக்கும்போது, தன் தலையில் தானே தட்டிக்கொண்டு, கதாநாயகன் தன் நண்பனை லூசு என்று திட்டுகிற ஒரு வசனத்தைத் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறான். திட்டுகிற அந்தக் குரலிலேயே சொல்கிறான். நோட்டின் வலப்பக்கத்தில் ‘கோபம், உதவி வேண்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுதும்போது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நகைச்சுவைப் படத்துக்குப் போனோம். பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் ஒரு படத்தைத் திட்டிவிட்டு மற்றதை மறந்துவிடுவது எனக்கு வேண்டாம். காதுக்கு ஹெட்போன் மாட்டி, ஓரத்து சீட் பார்த்து உட்காரவைத்தேன், வழக்கம்போல. படத்தில் கதாநாயகனுக்கு ஒரு நண்பன். சொன்னதையே சொல்கிறான், கையை உதறுகிறான், யார் கண்ணையும் பார்ப்பதில்லை. ‘இவனுக்கு என்ன?’ என்று ஒருவர் கேட்க, கதாநாயகன் ‘ஆட்டிசம்’ என்கிறான், பின்னாலேயே ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம், உங்களுக்குத் தெரியும் அந்தச் சத்தம், தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. என் மகனும் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள், அதோடு அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும். மறுநாள் காலையில் பல் துலக்கும்போது அந்த வசனத்தை டொய்ங்கோடு சேர்த்துச் சொன்னான். நோட்டில் இடப்பக்கம் எழுதிவிட்டேன். வலப்பக்கம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இந்த ஊரில் ஆட்டிசம் என்ற சொல்லை மக்களிடம் கொண்டுபோகப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் எவ்வளவு பாடுபட்டார்கள் தெரியுமா? 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே கிடையாது. 2016-ல் வந்த சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. ‘ஊனமுற்றோர்’ என்பதை மாற்றி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று எழுதத் தொடங்கிய மாநிலம் இது. பக்கத்து வீட்டிலும் பள்ளியிலும் ரயிலிலும் ‘பையன் ஏன் இப்படி?’ என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஆயிரம் முறை அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாருக்கும் தெரிந்த சொல்லாக ஆக்கினோம். தெரிந்ததும் அதை நீங்கள் ‘மெண்டல்’ இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். பழைய வசவு, புதுப் பெயர். எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

படத்தைத் தடை செய்யுங்கள் என்று கேட்க வரவில்லை. தணிக்கைக்கான 1991 வழிகாட்டு விதிகளிலேயே, உடலிலோ மனத்திலோ குறைபாடு உள்ளவர்களைக் கேலி செய்யும் காட்சிகள் தேவையில்லாமல் இடம்பெறக் கூடாது என்று இருக்கிறது. ‘தேவையில்லாமல்’ என்ற அந்த ஒரு சொல் வழியாக எல்லாமே வெளியே வந்துவிடுகிறது. 2023-ல் வந்த ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்தி நகைச்சுவைப் படத்தை எதிர்த்து, அது குறைபாடு உள்ளவர்களைக் கேலி செய்கிறது என்று, மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பேசும் நிபுன் மல்ஹோத்ரா நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் சந்திரசூட்டும் பர்திவாலாவும் படத்தின் மேல் கை வைக்கவில்லை. ஆனால் குறைபாட்டைப் புரியவைக்கிற நகைச்சுவை வேறு, குறைபாடு உள்ளவரைச் சிறுமைப்படுத்துகிற நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னார்கள், எங்களைப் பற்றி எடுக்கும்போது எங்களையும் கேளுங்கள் என்பதையும் வழிகாட்டுதலில் சேர்த்தார்கள். அந்தத் தீர்ப்பை நீங்கள் ஒருமுறை படிக்க வேண்டும். நகைச்சுவையை அவ்வளவு மதித்து எழுதப்பட்ட தீர்ப்பை நான் வேறு பார்த்ததில்லை.

சரி, நல்லபடியாகக் காட்டினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1988-ல் ஆட்டிசமும் கணக்கில் அபாரத் திறமையும் உள்ள ஒருவரைக் காட்டிய ‘ரெயின் மேன்’ என்ற ஹாலிவுட் படம் வந்ததிலிருந்து உலகம் முழுக்க ஆட்டிசம் என்றால் அபாரமான கணக்கு மூளை என்று ஆகிவிட்டது. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் என்பவருக்கு ஆட்டிசமே இல்லை, வேறு மரபணுக் கோளாறு என்று பின்னால் சொன்னார்கள். ஆனாலும் இன்றைக்கும் கல்யாண வீட்டில் என்னைக் கேட்கிறார்கள், ‘உங்க பையனுக்கு என்ன ஸ்பெஷல் டேலன்ட்?’ என்று. அவனுக்கு 29சி பஸ் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை நிற்கிற இடமெல்லாம் வரிசையாகத் தெரியும். மீதிச் சில்லறை எண்ணத் தெரியாது. ஷூ லேஸ் கட்டத் தெரியாது. எதுவுமே விசேஷமாகத் தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுடைய அம்மாக்கள் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்கள்?

தமிழில் 2013-ல் ‘ஹரிதாஸ்’ வந்தது. நகைச்சுவைப் படம் இல்லை, ஆனால் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிப் பேசியது. ‘அந்தப் படத்துல வர்ற பையன் மாதிரி’ என்று சொல்லி எத்தனையோ பேருக்குப் புரியவைத்திருக்கிறேன், அந்தக் கடன் எனக்கு உண்டு. 2025 ஜூனில் ‘சிதாரே ஜமீன் பர்’ என்ற இந்திப் படம் வந்தது. இயக்கியவர் நம் ஆர்.எஸ்.பிரசன்னா, தமிழில் ‘கல்யாண சமையல் சாதம்’ எடுத்தவர். 2018-ல் ஸ்பெயினில் ஹாவியர் பெஸர் எடுத்த கூடைப்பந்துப் படம்தான் இதற்கு மூலம். அதில் நடித்த ஹெசூஸ் விடால் என்ற பார்வைக் குறைபாடுள்ள நடிகர் அந்த நாட்டின் கோயா விருதை வாங்கினார், சிறந்த புதுமுகம் என்று. இந்திப் படத்திலும் ஆட்டிசமும் டவுன் சின்ட்ரோமும் உள்ள பத்துப் பேரை, அப்படி இருப்பவர்களையே தேடி நடிக்கவைத்தார்கள். அந்தப் பத்துப் பேரும் சிரிக்கிற நேரத்தில் நாமும் சிரிக்கிறோம், அது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். கதை என்னவோ அவர்களுக்குக் கூடைப்பந்து சொல்லித்தர வரும் பயிற்சியாளருடையதுதான். அவர் திருந்துவதற்காக இவர்கள் அத்தனை பேரும் வருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் யாரையும் திருத்துவதற்காகப் பிறக்கவில்லை. அவர்களுக்கும் அவர்கள் பாட்டுக்கு ஒரு கதை இருக்கட்டும், தப்பான பஸ்ஸில் ஏறுவதோ, ஒரு பெண்ணிடம் போய்ப் பேசுவதோ, வேலைக்குப் போய்ச் சம்பளத்தைத் தொலைப்பதோ.

சிரிப்புக்கா பஞ்சம்? எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். ஒருநாள் அவன் பாட்டி ‘வீடே தலைகீழா கிடக்கு’ என்று அலுத்துக்கொண்டார். இவன் எழுந்து நின்று, குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவில் தலையை விட்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ‘இப்பதான் தலைகீழ்’ என்றான். அன்றைக்குத் தெரியாமல் செய்தான் என்று நினைத்தோம். மறுநாளும் செய்துவிட்டு எங்கள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தான், சிரிக்கிறோமா என்று! அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவன் ஜோக் அடிக்கிறான்.

இன்னொன்று. நம் கல்யாணங்களில் ‘என்னைத் தெரியுதா?’ என்று கேட்டுக்கொண்டு ஒரு பெரியப்பா வருவார் இல்லையா, நாம் எல்லாரும் தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி சிரித்து, ‘தெரியாம என்ன, நல்லாருக்கீங்களா’ என்று சமாளிப்போம். என் மகன் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டே ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் இருக்கிற பக்கம் போய்விடுவான். அந்தக் காட்சியை நீங்கள் எடுத்தால் கேமராவை எங்கே வைப்பீர்கள்? இத்தனை நாள் எடுத்தபடி எடுத்தால் என் மகன் முகத்தில் வைத்து, டொய்ங் போட்டு, பக்கத்தில் ஒருவர் விரலை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுற்றிக்காட்டுவார். என்னைக் கேட்டால் கேமராவைப் பெரியப்பாவிடம் வையுங்கள். நாற்பது வருஷமாக எல்லாக் கல்யாணத்திலும் கேட்ட கேள்விக்கு முதல்முறையாக உண்மையான பதில் கிடைத்த மனுஷனின் முகம் அது. அதன்பிறகு மகனிடம் போங்கள், அவன் நிம்மதியாக ஐஸ்கிரீம் சாப்பிடுகிறான். காட்சி அதேதான், சிரிப்பு குறையாது, இன்னும் கூடும். யார் முகத்துக்கு எப்போது போவது என்பது எடிட்டிங் மேஜையில் உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை. எங்களுக்கு அது தெருவில் நடக்கிறபோது எத்தனை விரல் நெற்றிப்பொட்டில் சுற்றுகிறது என்கிற கணக்கு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் படப்பிடிப்புக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள், முட்டுக்காட்டில் பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமே அந்தச் சாலையில்தான் இருக்கிறது. கதை எழுதும்போதே ஒருநாள் போய் உட்காருங்கள். ஆட்டிசம் உள்ள பாத்திரம் என்றால் முதலில் ஆட்டிசம் உள்ளவர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள், பேசத் தெரிந்தவர்கள், எழுதிக் காட்டுகிறவர்கள், ஐபேடில் தட்டிச் சொல்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். கூட்டமும் சத்தமும் திடீர் மாற்றமும்தான் அவர்களுக்குக் கஷ்டம். இன்றைக்கு என்ன நடக்கும், எத்தனை மணிக்கு முடியும் என்று காலையிலேயே எழுதிக் காட்டிவிட்டு, சொன்னபடி நடந்துகொண்டால் வருவார்கள். சொன்ன வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் பத்து டேக்கிலும் சொல்லக்கூடியவர்களை நான் உங்களுக்குக் காட்ட முடியும்.

உங்களில் யாராவது இப்படி ஒரு பாத்திரத்தை எழுதிக்கொண்டிருந்தால் வீட்டுக்கு வாருங்கள், நோட்டைத் தருகிறேன், எந்த வசனம் எதற்கு என்று நீங்களே பாருங்கள். எழுதியதைப் படிக்கச் சொன்னால் உட்கார்ந்து படிக்கிறேன், அவனுக்கும் படித்துக் காட்டுகிறேன், பிடிக்காவிட்டால் ‘வேணாம்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவான். சாயங்காலம் 5 மணிக்கு மேல் வந்தால் நல்லது, அதுவரைக்கும் காமெடி பார்ப்பான். வந்ததும் அந்த ஹோட்டல் வசனத்தைச் சொன்னான் என்றால் பசிக்கிறது என்று அர்த்தம், உங்களுக்கும் சேர்த்து தோசை ஊற்றுகிறேன்.