ஊசி குத்தும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடங்களை நடத்துவோருக்கும், ஹார்மோன் பரிசோதனை எழுதித் தரும் டாக்டர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அழுதாள். போன வருஷம் என் தங்கை அழுத அதே அழுகை. அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கைக்கு 27 வயது, கல்யாணம் ஆகவில்லை. மாதவிடாய் வலிக்காக டாக்டர் சொல்லிக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தாள். அட்டையைக் கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பாள். லேபில் ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டார்கள். மாத்திரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சம் என்று கணிக்க உதவும் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோன் குறைவு என்று வந்தது. ‘முட்டை தீர்ந்துகொண்டு வருகிறது, சீக்கிரம் கல்யாணம் பண்ணுங்க, இல்லாவிட்டால் முட்டையை உறைய வைங்க’ என்றார்கள். அன்று ராத்திரி அம்மா சமையல்கட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். தங்கை அந்த ரிப்போர்ட்டை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

இது உங்களுக்குத் தெரிந்த பாடம்தான். சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ஹார்மோன்களை மாத்திரை அடக்குகிறது. சினைப்பையில் கருமுட்டைப் பைகள் வளராமல் நிற்கின்றன, ஏஎம்ஹெச்சும் இறங்குகிறது. மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன், ஹார்மோன்களைப் பிடித்து வைக்கும் புரதங்களைக் கல்லீரலில் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அவற்றில் ஒன்றான எஸ்ஹெச்பிஜி ஏறினால் டெஸ்டோஸ்டிரோனில் தனித்து வேலை செய்யும் பங்கு குறையும். தைராய்டு ஹார்மோனான தைராக்சினைப் (டி4) பிடிக்கும் புரதம் ஏறினால் மொத்த டி4 அதிகமாகத் தெரியும், ஆனால் தைராய்டில் கோளாறு இருக்காது. தங்கைக்கு அதுவும் ‘அதிகம்’ என்றுதான் வந்தது.

உண்மையைத் தெரிந்துகொள்ள அவள் மாத்திரையை நிறுத்தினாள். நாலு மாதம் பழைய வலியில் சுருண்டு கிடந்தாள். அப்புறம் எடுத்த ரிப்போர்ட்டில் எல்லாம் சரியான அளவு. அந்த நாலு மாதத்தை யார் திருப்பித் தருவீர்கள்?

தள்ளுபடி விலையில் பேக்கேஜ் விற்க ஆள் இருக்கிறது, ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லையா? ‘மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா’ என்று பொதுவாகக் கேட்டால் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வாங்கும் மாலா-என் கருத்தடை மாத்திரையை எத்தனை பெண்கள் மருந்தாக நினைப்பார்கள்? அதிலும் இதே ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராம் இருக்கிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பதிலை, அவர் சம்மதித்தால், ரிப்போர்ட்டிலேயே அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா