ரெண்டு கேபிள் போட்டா காப்பி வேகம் டபுள் ஆகாதுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை பேப்பர்ல ஆபீஸ் நெட்ஒர்க் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஸ்விட்ச்சுக்கு (கம்ப்யூட்டருங்கள ஒண்ணா இணைக்குற பெட்டி) ஸ்விட்ச் ஒரு ஜிகா கேபிள் ரெண்டு போட்டு லிங்க் அக்ரிகேஷன், அதாவது ரெண்டையும் ஒரே லிங்கா சேக்குறது, பண்ணிட்டா ஸ்பீடு டபுள்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. இத படிச்ச ஓனருங்க நாளைக்கு எங்கள மாதிரி ஃபீல்டு ஆளுங்களத்தான் புடிச்சு உலுக்குவாங்க.

ஸ்விட்ச் பாக்கெட்ட, அதாவது டேட்டாவோட சின்ன துண்டுங்கள, ஆளுக்கொரு கேபிள்ல மாத்தி மாத்தி அனுப்பாது, அனுப்பினா வரிசை குழம்பிடும். மேக் அட்ரஸ் (ஒவ்வொரு மெஷினோட நெட்ஒர்க் கார்டுக்கும் இருக்குற நம்பர்), ஐபி அட்ரஸ் இதெல்லாம் வச்சு ஒரு கணக்கு போட்டு இந்த கனெக்ஷனுக்கு இந்த கேபிள்னு ஒதுக்கிடும். அதனால ஒரு பிசில இருந்து சர்வருக்கு ஒரு பெரிய ஃபைல் காப்பி பண்ணா அது ஒரே கேபிள்லதான் போகும், செகண்டுக்கு 110 எம்பி சொச்சம் தாண்டாது. ரேஷன் கடைல ரெண்டாவது தராசு வச்சா க்யூ சீக்கிரம் நகரும், ஆனா உங்க ஒரு கார்டுக்கு எடை போடுற நேரம் அதேதானே. அம்பது பேர் சேர்ந்து இழுக்குற இடத்துலதான் பலன் தெரியும்.

கட்டுரைல சொல்லாம விட்டது இன்னொண்ணு, மோடு, அதாவது கேபிளுங்கள எந்த முறைல சேக்குறோம்ங்கறது. ஒரு காலேஜ்ல கூப்பிட்டாங்க, பாதி சிஸ்டத்துல நெட் வருது பாதில இல்ல, பிங் (எதிர் மெஷின் பதில் தருதான்னு பாக்குற டெஸ்ட்) போகுது நிக்குது. லாக்க தொறந்தா ஒரே மேக் அட்ரஸ் 23வது போர்ட்டுக்கும் 24வது போர்ட்டுக்கும் மாறி மாறி தாவிட்டே இருக்கு. யாரோ ஒரு ஸ்விட்ச்ல 'ஆன்' மோடுல சேத்துட்டு எதிர் ஸ்விட்ச்ல ஒண்ணுமே பண்ணாம விட்டிருக்காங்க. 'ஆன்'னா எதிர்ல இருக்குறவன கேக்காமலே நம்ம பாட்டுக்கு சேத்துக்குறது. எல்ஏசிபி, அதாவது ரெண்டு ஸ்விட்ச்சும் மெசேஜ் அனுப்பி பேசிட்டு கேபிள சேக்குற முறை, அத போட்டு ரெண்டு பக்கமும் ஆக்டிவ்னு வச்சா அதுங்களே பேசிக்கும், ஒத்து வரலன்னா சேராது. ரெண்டு பக்கமும் பாசிவ்னு வச்சிடாதீங்க, பொண்ணு வீடும் மாப்ள வீடும் நீங்க முதல்ல பேசுங்கன்னு உக்காந்திருக்குற கதைதான்.

நடுவுல மீடியா கன்வெர்ட்டர் (செம்பு கேபிள ஃபைபருக்கு மாத்துற சின்ன பெட்டி) இருந்தா எல்ஏசிபி கட்டாயம் வேணும், ஏன்னா அந்தப் பக்கம் ஃபைபர் அறுந்தாலும் நம்ம போர்ட்ல பச்சை லைட்டு எரிஞ்சிட்டே இருக்கலாம், 'ஆன்' மோடு அத நம்பி டேட்டாவ கிணத்துல கொட்டும். எல்ஏசிபில எதிர் பக்கத்து மெசேஜ் வரலன்னா ஸ்லோ டைமர்ல 90 செகண்டுல, ஃபாஸ்ட்ல 3 செகண்டுல அந்த லிங்க கழட்டி விட்டுடும்.

பேர் குழப்பம் வேற. சிஸ்கோல ட்ரங்க்னா பல விலான் (ஒரே ஸ்விட்ச்ல தனித்தனியா பிரிச்ச நெட்ஒர்க்) போற லிங்க், ஹெச்பி ப்ரோகர்வ்ல ட்ரங்க்னா இந்த கேபிள் சேக்குற வேலை. ஸ்டாண்டர்டே 2000ல 802.3ஏடின்னு வந்து 2008ல 802.1ஏஎக்ஸ்னு மாறிடுச்சு, மெனுல இன்னும் பழைய பேர்தான் பல இடத்துல.

ரெண்டு பக்கமும் கான்ஃபிக் முடிச்சிட்டுத்தான் ரெண்டாவது கேபிள சொருகணும், அப்புறம் பிங் ஓடும்போதே ஒண்ண புடுங்கி பாக்கணும். டபுள் ஸ்பீடுங்குற வரிக்கு மட்டும் ஒரு சின்ன திருத்தம் போட்டுடுங்க சார், நாளைக்கு கஸ்டமர்கிட்ட காட்ட எனக்கும் உதவும்.

இப்படிக்கு,
நெட்ஒர்க் ஃபீல்டு எஞ்சினியர் ஒருத்தன், திருப்பூர்